பஞ்சு அடிக் காளான்: வெட்டி நீலமானால் எறிவதா, தின்பதா?

27.08.2023 – ஒரு வாசகரின் கேள்வி

வேலையிடத்தில் ஒரு இத்தாலிக்காரர் சொல்கிறார்: குடைக்கு அடியில் தகடு தகடாக நிற்கும் செவுள் இல்லாமல் பஞ்சு மாதிரி இருக்கிற காளான் எதுவும் ஆளைக் கொல்லாது. வெட்டிப் பார், நீலமாகாவிட்டால் சட்டியில் போடு, நீலமானால் எறி, அவ்வளவுதான் என்கிறார். சின்ன வயதிலிருந்து பொறுக்குகிறாராம். இங்கே சுவிஸில் சூரிச் ஓபர்லாண்ட் பக்கம் காடு முழுக்க முளைத்துக் கிடக்கிறது. இதை நம்பி இறங்கலாமா?

27.08.2023, இரவு

இறங்காதே தம்பி. குறைந்தபட்சம் அந்த விதியை வைத்துக்கொண்டு இறங்காதே.

பஞ்சு அடி உள்ளவற்றைத்தான் போலீட் வகை என்கிறோம். அவருடைய விதியின் முதல் பாதியில் ஒரு நன்மை உண்டு. ஐரோப்பாவில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலானவர்களைக் கொல்வது பச்சை அமனிட்டா. அதற்கு அடியில் வெள்ளைச் செவுள். செவுள் உள்ள எதையும் தொடாதவன் அதிலிருந்து தப்பிவிடுவான். அந்த மட்டில் சரி.

இரண்டாம் பாதி இரண்டு பக்கமும் ஓட்டை. மரோனன் என்று ஒன்று இருக்கிறது, பழுப்புக் குடை, மஞ்சள் பஞ்சு. பஞ்சை விரலால் அமுக்கினால் நீலப்பச்சை ஆகும். அருமையான காளான். இத்தாலிக்காரர் அதை எறிவார். காலன்ரோர்லிங் என்று இன்னொன்று, வெட்டினால் நீலமே ஆகாது. அதில் ஒன்று சட்டிக்குள் போனால் முழுக் கறியும் கசந்து குப்பைக்குப் போகும். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அவருக்கு அந்த விதி வேலை செய்வதற்குக் காரணம் வேறு. சின்ன வயதிலிருந்து பார்த்த கண். எதைப் பார்க்கிறேன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது, கேட்டால் நீலக் கதையைச் சொல்கிறார்.

28.08.2023

நீலம் ஏன் வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சதைக்குள் மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன, வேரியகாட்டிக் அமிலம், சீரோகோமிக் அமிலம் என்று பெயர். வெட்டும்போது கலம் உடைந்து காற்று படுகிறது, உள்ளே இருக்கும் நொதி ஒன்று சேர்ந்து அவற்றை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது, நீலம் தெரிகிறது. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதும் இதே ரகம்தான். நஞ்சு வேறு பொருள், அது நீலமும் ஆகாது சிவப்பும் ஆகாது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். போலீட்டுகளில் மிகக் கடுமையாக நீலமாகிறது சூனியக்காரிக் காளான், ஹெக்சன்ரோர்லிங். கத்தி நகரும்போதே மஞ்சள் சதை பின்னாலேயே கருநீலமாகிக்கொண்டு வரும், முதல்முறை பார்ப்பவன் கத்தியைப் போட்டுவிடுவான். பஞ்சும் சிவப்பு. நன்றாக வேகவைத்தால் தின்னலாம், பலர் போர்சினி என்கிற ஸ்டைன்பில்ட்ஸைவிட இதைத்தான் விரும்புகிறார்கள். சாத்தான் காளானோ, உண்மையிலேயே வயிற்றைப் புரட்டி மணிக்கணக்காக வாந்தி எடுக்க வைப்பது, வெட்டினால் வெளிர்நீலமாக ஏதோ கடமைக்கு மாறும். நீலத்தின் அளவை வைத்து நஞ்சை அளந்தால் இரண்டையும் தலைகீழாக வைத்துவிடுவோம்.

29.08.2023

“கொல்லாது” என்பதற்கு ஒரு திருத்தம். 1994இல் அமெரிக்காவின் பசிபிக் கரைப் பகுதியில் ஒரு தம்பதி சிவப்புப் பஞ்சு உள்ள ஒரு பெரிய போலீட்டைச் சாப்பிட்டார்கள். கணவர் இறந்துவிட்டார். ருப்ரோபோலீட்டஸ் புல்கெரிமஸ் என்ற இனம். அது நீலமாகும். அந்த இடத்தில் இத்தாலிக்காரர் விதி காப்பாற்றியிருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

29.08.2023, சற்று நேரத்தில்

இன்னொரு பங்காளியும் இருக்கிறான். பாக்சிலஸ் இன்வல்யூட்டஸ். அடியில் செவுள்தான், பஞ்சு இல்லை. ஆனால் வகைப்பாட்டில் அவன் நிற்பது போலீட்டுகளின் வரிசையிலேயே. அந்தச் செவுள்களை நகத்தால் தள்ளினால் ஒரு படலமாகக் கழன்று வரும், போலீட்டின் பஞ்சு கழன்று வருகிற அதே மாதிரி. கிழக்கு ஐரோப்பாவில் காலங்காலமாகத் தின்றார்கள். பலமுறை தின்று ஒன்றும் ஆகாதவனுக்கு ஒருநாள் உடம்பின் எதிர்ப்பு சக்தி திரும்பி அவனுடைய சிவப்பணுக்களையே உடைக்கத் தொடங்கும். ஜெர்மன் காளான் அறிஞர் யூலியஸ் ஷேஃபர் 1944இல் இதனால்தான் இறந்தார். வாழ்நாள் முழுக்கக் காளானைப் படித்தவர். ஆகவே “என் தாத்தா தின்றார், நானும் தின்கிறேன்” என்று இங்கே எழுதியவருக்கு: தாத்தா கதை ஒரு சான்று இல்லை.

03.09.2023

இன்று 3ஆம் தேதி. சூரிச் மாநிலத்தில் ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10 வரை காளான் பறிக்கத் தடை, மற்ற நாட்களில் ஆளுக்கு ஒரு கிலோ. காட்டுக்குப் போய் வேடிக்கை பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. அதனால் எழுத நேரம் இருக்கிறது.

ஸ்டைன்பில்ட்ஸ், அதாவது போர்சினி, எதிரே காலன்ரோர்லிங். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டும் ஒரே ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காட்டில், ஒரே மாதத்தில், ஒரே பழுப்புக் குடையோடு நிற்கும். இரண்டுக்கும் கொழுத்த தண்டு. இரண்டும் நீலமாகாது. குஞ்சாக இருக்கும்போது இரண்டுக்கும் பஞ்சு வெள்ளை.

முதலில் தண்டைப் பார்க்க வேண்டும், அதுவும் மேல் பாதியை, குடை தொடங்குகிற இடத்துக்குக் கீழே. ஸ்டைன்பில்ட்ஸில் அங்கே ஒரு வலைப்பின்னல் இருக்கும், மெல்லிய வெள்ளை நூல், வெளிர்பழுப்புத் தண்டின்மேல். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் சில நேரம் தெரியும். காலன்ரோர்லிங்கில் வலை முரடு, புடைத்துக்கொண்டு நிற்கும், நிறம் கரும்பழுப்பு, அடியில் இருக்கும் தண்டு அதைவிட வெளிறியது. ஒன்றில் வெள்ளைக் கோடு, மற்றதில் இருண்ட கோடு. ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்குப் பிறகு சந்தேகம் வராது. ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நினைவில் ஒப்பிடுகிறவனுக்குத்தான் எல்லாம் ஸ்டைன்பில்ட்ஸாகத் தெரியும், ஆசை அப்படி.

அடுத்து பஞ்சு. வயதாக ஆக ஸ்டைன்பில்ட்ஸின் பஞ்சு மஞ்சளாகி, பிறகு ஆலிவ் பச்சை ஆகும். காலன்ரோர்லிங்கினுடையது இளஞ்சிவப்புப் பக்கம் போகும். அழுக்கு ரோஸ் என்று சொல்லலாம். வித்துத்தூளின் நிறம்தான் காரணம். கடதாசியில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் ஒன்று ஆலிவ் பழுப்பு, மற்றது ரோஸ் கலந்த பழுப்பு. குஞ்சுகளில் இது உதவாது, தண்டுதான் உதவும்.

மூன்றாவது, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார்ப்பது. ஸ்டைன்பில்ட்ஸின் சதை வெள்ளை, வெள்ளையாகவே இருக்கும், குடைத்தோலுக்கு நேர் கீழே மட்டும் மெல்லிய பழுப்பு கலந்த ரோஸ் கோடு ஓடும். புழுவும் அப்போதே தெரிந்துவிடும், இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

04.09.2023

நக்கிப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: பார்க்கலாம், நிபந்தனையோடு. பஞ்சு அடி உள்ளது என்று உறுதி, சிவப்புப் பஞ்சு இல்லை, ஸ்டைன்பில்ட்ஸா காலன்ரோர்லிங்கா என்ற ஒரு சந்தேகம் மட்டும்தான் மிச்சம் என்றால், அரிசியளவு துண்டை நுனிநாக்கில் வைத்துத் துப்ப வேண்டும். கசப்பு வர சில வினாடி ஆகலாம், அவசரப்பட்டு “கசக்கவில்லை” என்று சொல்லிவிடாதே. வந்துவிட்டால் எளிதில் போகாது. செவுள் காளானில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பச்சை அமனிட்டா கசக்காது, தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

12.09.2023

தடை முடிந்து போய்வந்தேன். கூடையைவிட மரங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

போலீட்டுகளில் மிகப்பெரும்பான்மை மரவேரோடு ஒட்டி வாழ்கின்றன. வேர்நுனியைப் பூஞ்சை இழை உறையாகச் சுற்றிக்கொள்ளும், அது மரத்துக்கு நீரும் கனிமமும் கொடுக்கும், மரம் சர்க்கரை கொடுக்கும். அதனால்தான் ஸ்டைன்பில்ட்ஸை இதுவரை மொட்டுக்காளான் மாதிரி கொட்டகையில் வளர்க்க முடியவில்லை, கடையில் கிடைப்பதெல்லாம் காட்டில் பொறுக்கியது. அதனால்தான் குனிவதற்கு முன் அண்ணாந்து பார்க்கச் சொல்கிறேன். ஸ்ப்ரூஸா, பீச்சா, ஓக்கா, பைனா? மண் சுண்ணாம்பா, அமிலமா? சாத்தான் காளானுக்குச் சுண்ணாம்பு மண்ணும் வெயில்படும் பீச், ஓக் மரங்களும் வேண்டும். யூரா மலைச்சரிவில் அதைத் தேடினால் அர்த்தம் உண்டு. ஈரமான, பாசி படர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் நின்றுகொண்டு “சாத்தான் கிடைத்தான்” என்று படம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் வைத்திருப்பது வேறு ஏதோ.

இன்னொரு துணை அடையாளம்: சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த ஈ அமனிட்டா. ஸ்டைன்பில்ட்ஸ் விரும்பும் அதே மரங்களின் கீழ் அதுவும் வரும். தூரத்தில் சிவப்புத் தெரிந்தால் அந்தப் பக்கம் நடப்பேன். அதைப் பறிக்கமாட்டேன், அதைச் சுற்றிப் பார்ப்பேன்.

16.09.2023

இன்று எங்கள் ஊர்க் காளான் சோதனை நிலையத்துக்குப் போனேன். சுவிஸில் இது ஒரு பெரிய வசதி. பல ஊர்களில் தேர்வெழுதித் தேறிய சோதகர் ஒருவர் பருவகாலத்தில் உட்கார்ந்திருப்பார், கூடையைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருவார், பெரும்பாலும் இலவசம்.

மேசையில் இருந்த அம்மா எப்படிப் பார்க்கிறார் என்று கூடவே நின்று பார்த்தேன். என் மரோனன் ஒன்றை எடுத்தார். குடையைக் கட்டைவிரலால் தடவினார், மான்தோல் ஜாக்கெட்டைத் தடவிப் பார்ப்பவர் மாதிரி. திருப்பினார். துளைகளின்மேல் விரலை அழுத்தி எடுத்து, பச்சைநீலம் ஏறுவதைக் கவனிக்காமலே தண்டுக்குப் போனார். வலை இல்லை, வெறும் பழுப்பு நார்க்கோடு. அடிப்பாகத்தை மோந்தார். குடை எவ்வளவு உறுதி என்று ஓரத்தை நசுக்கிப் பார்த்தார், ஒன்று கொழகொழவென்று இருந்ததைச் சொல்லாமல் கொள்ளாமல் வாளிக்குள் போட்டார். இதெல்லாம் சேர்ந்தே சில வினாடிதான். நீலத்தை அவர் பார்த்தார், ஆனால் பலவற்றில் ஒன்றாகப் பார்த்தார்.

எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பிளாஸ்டிக் பையில் கட்டி, காரின் பின்பக்கத்தில் அரைநாள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாமே நல்ல ஸ்டைன்பில்ட்ஸ். எல்லாமே வாளிக்குள் போயிற்று. வியர்த்துப் புளித்த நல்ல காளானும் கெட்டுப்போன மீனைப் போலத்தான் வயிற்றைக் கெடுக்கும். பையில் போடாதீர்கள், கூடை அல்லது கடதாசிப் பை.

17.09.2023

வெட்டுவதா, திருகிப் பிடுங்குவதா என்ற சண்டை மீண்டும் கிளம்பிவிட்டது. கத்தி வைத்திருப்பவர்கள் பிடுங்குகிறவர்களைக் காட்டுமிராண்டி என்கிறார்கள்.

ஃப்ரிபோர்க் மாநிலத்தில் லா ஷனேயாஸ் என்ற காளான் காப்பகத்தில் 1975 முதல் இதைச் சோதித்தார்கள். ஒரு துண்டு நிலத்தில் வெட்டினார்கள், இன்னொன்றில் பிடுங்கினார்கள், மற்றொன்றில் தொடவே இல்லை. முடிவு 2006இல் வந்தது. பறித்ததால் பின்வரும் ஆண்டுகளின் விளைச்சலும் குறையவில்லை, இனங்களும் குறையவில்லை, வெட்டினாலும் பிடுங்கினாலும் வித்தியாசம் இல்லை. குறைத்தது எது தெரியுமா? கால். மிதித்த இடத்தில் காளான் குறைவாக முளைத்தது. சண்டை போடுபவர்கள் இனிக் காலணியைப் பற்றிப் போடலாம்.

என் கட்சி பிடுங்குவதுதான், வேறு காரணத்துக்காக. தெரியாத காளானை வெட்டினால் அடிப்பாகம் மண்ணுக்குள் போய்விடும். அமனிட்டாவின் உறை அங்கேதான் இருக்கிறது, சோதகருக்கு அது வேண்டும்.

19.09.2023

கொஞ்சம் தடம் மாறுவோம். சீனாவின் யுன்னானில் தொட்டால் நீலமாகும் போலீட்டுகளைச் சந்தையில் குவித்து விற்கிறார்கள். அவற்றில் லன்மாவோவா ஏஷியாட்டிக்கா என்ற இனத்தை அரைவேக்காட்டில் தின்றவர்களுக்குச் சின்னஞ்சிறு மனிதர்கள் மேசைமேல் நடந்து போவது தெரியுமாம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணப் பேச்சு. 2023 ஜூலையில் அப்போதைய அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெலன் பெய்ஜிங்கில் ஒரு யுன்னான் உணவகத்தில் இந்தக் காளான் பரிமாறப்பட்டுச் சாப்பிட்டிருக்கிறார். நன்றாக வெந்திருந்தது போலும், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாட்டு வர்த்தகப் பேச்சில் குள்ள மனிதர்களும் வந்து உட்கார்ந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பார்கள் என்று என் மனைவி கேட்கிறாள்.

நீலம் பற்றிய விவாதத்துக்கு இதிலும் ஒரு செய்தி உண்டு: ஒரே காளான், வெந்தால் விருந்து, வேகாவிட்டால் ஆஸ்பத்திரி.

24.09.2023

செர்னோபில் அணு உலைக் கதிரியக்கம் இன்னும் காளானில் இருக்கிறதா என்று கேட்ட அக்காவுக்கு. ஓம், உண்மை. 1986 ஏப்ரலில் வெடித்தது, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு இறங்கியது, அதன் அரை ஆயுள் சுமார் 30 வருடம். கணக்குப் போட்டால் 2016 வாக்கில்தான் அது பாதியாகக் குறைந்தது. சுவிஸில் அதிகம் இறங்கியது டிசினோவில், ஜெர்மனியில் பவேரியாவின் தெற்கில். போலீட்டுகளில் இதை அதிகம் சேர்ப்பது நம் மரோனன், அதன் குடைத்தோல் நிறமி சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெர்மனியில் கடையில் விற்கும் காளானுக்குக் கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்க அளவு) வரம்பு, வீட்டுக்குப் பொறுக்குகிறவனுக்கு வரம்பு இல்லை. பருவத்தில் சில தடவை சாப்பிடுவதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. தினமும் தட்டில் மரோனன் வைப்பவர் யோசிக்கட்டும். ஸ்டைன்பில்ட்ஸ் குறைவாகத்தான் சேர்க்கும்.

25.09.2023

“இவ்வளவு பாடு ஏன், சூப்பர்மார்க்கெட்டில் காய்ந்த போர்சினி வாங்கலாமே” என்பவருக்கு. வாங்கலாம். லண்டனில் வாங்கிய அப்படி ஒரு பாக்கெட்டிலிருந்து 15 துண்டுகளை எடுத்துக் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் மரபணு பார்த்தார்கள். சீனச் சரக்கு. உள்ளே மூன்று இனங்கள் இருந்தன, மூன்றுக்கும் அதுவரை அறிவியல் பெயரே கிடையாது. 2014இல் பெயர் வைத்தார்கள். பெயரில்லாத காளானை உலகமே பாஸ்தாவில் போட்டுத் தின்றுகொண்டிருந்தது.

08.10.2023

மறுபடி தடை நாட்கள். ஆகஸ்டில் சூனியக்காரிக் காளானை நான் புகழ்ந்ததைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், அதனால் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன்.

புதிதாக வருபவருக்கு: முதல் வருடம் சிவப்புப் பஞ்சு எதையும் கூடையில் போட வேண்டாம். எனக்கே இது பிடிக்காத அறிவுரை, நல்ல காளானை விட்டுவரச் சொல்கிறேன். ஆனால் சூனியக்காரியையும் சாத்தானையும் பிரிக்கும் அடையாளங்களைக் காட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது, இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு மண். சூனியக்காரிக்குக் குடை கரும்பழுப்பு, தண்டில் சிவப்புப் புள்ளிகள், வலை கிடையாது. சாத்தானுக்குக் குடை சுண்ணாம்படித்த மாதிரி வெளிறல், தண்டு பானை வயிறு, அதில் சிவப்பு வலை, வயதானால் பிணநாற்றம். இவர்கள் இருவருக்கும் நடுவே இன்னொருவன் இருக்கிறான், பழுப்புக் குடையும் சிவப்பு வலையுமாக. அவன் வந்ததும் புதியவரின் கணக்கு குழம்பிவிடும். இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம், காடு எங்கும் போகாது. அப்போதும் குறைந்தது இருபது நிமிடம் வேக வேண்டும்.

“பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம்” என்பதும் வந்துவிட்டதே என்று பார்த்தேன். பச்சை அமனிட்டாவை நத்தை ரசித்துத் தின்னும். நஞ்சு இருந்தால் கூட வேகும் வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும் என்பதெல்லாம் அதே பெட்டியில் போட வேண்டியவை. ஊரில் மழை விட்டதும் புற்றில் முளைத்ததைப் பறித்த அம்மாக்களுக்கு இந்தச் சோதனை ஒன்றும் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அந்த ஒரு காளானைத் தெரியும், அது வரும் இடம் தெரியும், மற்றதைத் தொடமாட்டார்கள். ஆனால் அதற்கு அடியில் செவுள். அந்தப் பழக்கத்தை அப்படியே இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்தால்தான் ஆபத்து.

15.10.2023

கேள்வி கேட்ட தம்பி நேற்றுப் படங்கள் அனுப்பியிருக்கிறார், கூடை நிறைய. இத்தாலிக்காரரோடுதான் போனாராம். படத்தைப் பார்த்து “தின்” என்று நான் சொல்லமாட்டேன், கைபேசிச் செயலியும் சொல்லக்கூடாது, படத்துக்கு நாற்றமும் கிடையாது தண்டடியும் கிடையாது. பார்த்தவரை சொல்கிறேன்.

இடது ஓரம் இரண்டும் ஸ்டைன்பில்ட்ஸ் மாதிரி. நடுவில் இருப்பதன் தண்டைத் திருப்பி எடுத்திருக்க வேண்டும், வலை இருண்டு தெரிகிறது, அதைத் தனியாக வை. வலது ஓரத்தில் பஞ்சின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்திருப்பது நிறம் இல்லை, பொன்பூஞ்சை. போலீட்டையே தின்னும் பூஞ்சை, அது பிடித்தது எந்த இனமானாலும் எறிய வேண்டும், வெட்டி நல்ல பாகத்தை எடுக்க நினைக்காதே.

மிச்சத்தைக் கழுவாமல், மண்ணோடு, கடதாசிப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாளைக்கே நிலையத்துக்குக் கொண்டுபோ. பருவம் முடியப் போகிறது, பிறகு பூட்டிவிடுவார்கள். அதற்கு முன்பே யாராவது ருசி பார்த்து வயிறு பிரட்டினால் 145, நச்சுத் தகவல் மையம், இரவு பகல் எடுப்பார்கள். வாந்தி சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போகும். ஆறு எட்டு மணிநேரம் கழித்துத் தொடங்கினால் அது வேறு கதை, போன் பண்ணிவிட்டு மிச்சக் காளானையும் சமையல் கழிவையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

இத்தாலிக்காரரையும் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. எறிந்த மரோனன்களின் கணக்கை அங்கே அவருக்குக் காட்டலாம்.